காலம் தாண்டும் சிறார் நாவலைத் திரைக்கதையாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிறுவர் காலப்பயண நாவல் ஒன்றைப் படமாக்க உட்காரும் யாருக்கும் முதலில் கண்ணில் ஓடுவது பழைய காலத்து உடையும் குதிரை வண்டியும்தான். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆர்ட் டைரக்டரும் காஸ்ட்யூமரும் இருக்கிறார்கள். படம் இடறி விழுவது வேறு இடத்தில். யாருக்கு எந்த வருஷத்தில் என்ன வயசு, கதவு எப்போது திறக்கும், எந்தப் பொருள் அந்தக் காலத்திலிருந்து இங்கே வரும் என்ற கணக்கில்தான் அது நடக்கும். நாவலில் குழப்பம் வந்தால் வாசகர் நாலு பக்கம் பின்னால் புரட்டிச் சரிபார்த்துக்கொள்வார். தியேட்டரில் அதற்கு வழியில்லை.

ஒரே நாவலைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் இது பிடிபடும். பிலிப்பா பியர்ஸ் எழுதி 1958இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்' நாவலை எடுத்துக்கொள்வோம். சிறார் நூலுக்கான பிரிட்டனின் கார்னகி பதக்கத்தை அந்த ஆண்டுக்குப் பெற்றது. பி.பி.சி. 1968, 1974, 1989 என மூன்று முறை தொலைக்காட்சிக்கு எடுத்தது. 1999இல் சினிமாவாகவும் வந்தது. இனி முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறோம், படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

கதை இதுதான். கூடப் பிறந்த பீட்டருக்குத் தட்டம்மை. தொற்றிவிடக் கூடாதென்று டாமை உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பழைய பெரிய மாளிகை, இப்போது குடித்தனங்களாகப் பிரித்து வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. கூடத்தில் ஒரு நெட்டைக் கடிகாரம். நள்ளிரவில் அது 13 முறை அடிக்கிறது. பகலில் குப்பைத்தொட்டிகள் நிற்கும் பின்கட்டுக் கதவைத் திறந்தால் விக்டோரியா காலத்துத் தோட்டம். அங்கே ஹாட்டி என்ற அனாதைச் சிறுமி. டாமின் வயசு மாறுவதில்லை, ஹாட்டி மட்டும் இரவுக்கு இரவு வளர்ந்துகொண்டே போகிறாள். மாடியில் தனியாக வாழும் வீட்டுக்காரப் பாட்டி திருமதி பார்த்தலமியூதான் அந்த ஹாட்டி.

1. உரிமையை வாங்குங்கள்

எழுதத் தொடங்கும் முன்பே இந்த வேலை. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. பியர்ஸ் 2006 டிசம்பரில் காலமானார். எனவே இங்கே 2066 முடியும் வரை. பிரிட்டனில் 70 ஆண்டு, 2076 வரை. வெளிநாட்டிலும் வெளியிடப்போகிறீர்கள் என்றால் நீளமான கெடுவைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடிதம் எழுத வேண்டியது ஆசிரியரின் வாரிசுகளுக்காகச் செயல்படும் இலக்கிய ஏஜென்ட்டுக்கு. புத்தகத்தின் உள்பக்கத்தில் பதிப்பாளர் பெயர் இருக்கும். அவர்களைக் கேட்டால் ஏஜென்ட் யாரென்று சொல்வார்கள். நேரடியாக உரிமையை விலைக்கு வாங்காமல், 12 அல்லது 18 மாத ஆப்ஷன் வாங்குவதுதான் வழக்கம். சிறு தொகை கொடுத்து, அந்தக் காலத்துக்குள் வேறு யாருக்கும் விற்காமல் பார்த்துக்கொள்வது. ஒப்பந்தத்தில் கால அளவும் நாடுகளும் எழுதாமல் விட்டால், பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19இன்படி ஐந்து ஆண்டு என்றும் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் அதே பிரிவில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. இந்த மூன்றையும் எழுத்தில் கொண்டுவராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பலர் விழும் குழிகள் இரண்டு. தமிழ் மொழிபெயர்ப்பு வெளியிட்டவரிடம் படமாக்கும் உரிமை இருக்காது. அந்த மொழிபெயர்ப்பிலிருந்து வசனத்தை அப்படியே எடுத்தால் மொழிபெயர்ப்பாளரின் அனுமதியும் தனியாக வேண்டும். அடுத்தது, முன்பே வந்த படங்கள் புதிதாகச் சேர்த்த காட்சிகள். அவை நாவலாசிரியருடையவை அல்ல, அந்தப் படத் தயாரிப்பாளருடையவை. அதனால் பழைய படங்களைத் திரைக்கதை முடிந்த பிறகு பாருங்கள். முதலிலேயே பார்த்துவிட்டால் எது நாவலில் இருந்தது, எது படத்தில் இருந்தது என்று நினைவில் கலந்துவிடும்.

2. மூன்று வாசிப்பு, ஓர் அட்டவணை

முதல் வாசிப்பு ஒரே மூச்சில், பென்சில் இல்லாமல். இரண்டாவதில் அத்தியாய வாரியாக அட்டவணை. இந்த நாவலில் 27 அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியவை: நிகழ்காலத்தில் எத்தனையாவது இரவு, கடந்தகாலத்தில் என்ன பருவம், பகலா இரவா, ஹாட்டிக்குச் சுமார் என்ன வயசு, டாம் யார் கண்ணுக்குத் தெரிகிறான், எந்தப் பொருள் முக்கியமாகிறது, டாமுக்குப் புதிதாக என்ன தெரியவருகிறது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் அத்தியாயங்கள்தான் முதலில் வெட்டுப்படும்.

மூன்றாவது வாசிப்பு காதுக்காக. எந்த ஒலிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று மட்டும் குறியுங்கள். கடிகார மணி, மாடிப்படி, பனிச்சறுக்குத் தகடு பனியைக் கீறும் சத்தம். ஸ்பாட்டில் சவுண்ட் எடுக்கிறவருக்கு இந்தப் பட்டியல் தங்கம்.

3. காலக் கதவின் சட்டங்கள்

ஒரே பக்கத்தில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போனால் சிறுவர்களுக்குப் புரியாது. நம் நாவலுக்கு அது இப்படி வரும்:

- கடிகாரம் 13 அடித்த பின் பின்கட்டுக் கதவைத் திறந்தால் தோட்டம். மற்ற நேரத்தில் சிமெண்ட் முற்றம்.
- அங்கே எவ்வளவு நேரம் இருந்தாலும் இங்கே சில நிமிடங்கள்கூட ஆகாது.
- அங்கே காலம் வரிசையாக ஓடாது. புயலில் விழுந்த மரம் மறுமுறை போகும்போது நின்றுகொண்டிருக்கும்.
- டாம் ஹாட்டிக்கும் தோட்டக்காரர் ஏபலுக்கும் தெரிவான், வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியமாட்டான்.
- அவன் காலடி பனிப்புல்லில் பதியாது, பொருள்களை நகர்த்த முடியாது. ஆனால் மரம் ஏறலாம்.
- ஹாட்டி பெரியவளாக ஆக, அவள் கண்ணுக்கும் டாம் மங்கிக்கொண்டே போவான்.

ஒவ்வொரு சட்டத்துக்கும் எதிரே திரைக்கதையின் இரண்டு பக்க எண் எழுதுங்கள்: பார்வையாளருக்கு அது முதலில் படமாகத் தெரியும் பக்கம், அதனால் கதை திரும்பும் பக்கம். முதல் எண் இரண்டாவதற்குக் குறைந்தது பத்துப் பக்கம் முன்னால் இருக்க வேண்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் புதுச் சட்டம் எதுவும் வரக் கூடாது. அங்கே புதுசாக ஒன்றைச் சொன்னால் எழுத்தாளர் தப்பிக்க வழி தேடுகிறார் என்று எட்டு வயசுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

நாவலில் டாம் காலம் என்றால் என்ன என்று பெரியவரிடம் விவாதிப்பது நீளமாக வரும். அதை ஒரே காட்சிக்குச் சுருக்குங்கள், அதுவும் சாப்பாட்டு மேசையில், பெரியவர் எரிச்சலடைவதோடு முடியட்டும். மரம் விழுந்து மறுபடி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டவர்களுக்கு வசனத்தில் விளக்கம் தேவைப்படாது.

கதவு எதுவாக இருக்கிறது என்பதும் முக்கியம். ஜேன் யோலனின் 'த டெவில்ஸ் அரித்மெடிக்' நாவலில் பெசாக் என்ற யூதப் பண்டிகை விருந்தின்போது சிறுமி வாசல் கதவைத் திறக்கிறாள், 1942 போலந்து. ரூத் பார்க்கின் 'பிளேயிங் பீட்டி போ'வில் உடையில் தைத்த பழைய பின்னல் லேஸ் 1873 சிட்னிக்கு இழுத்துப்போகிறது. இரண்டுமே கையால் தொடும் பொருள்கள், கேமராவுக்கு எளிது. வானத்தில் சுழல், நீல ஒளி என்று கிராபிக்ஸ் சேர்த்தால், அந்தப் பொருளின் மேல் இருந்த கவனம் ஒளியின் மேல் போய்விடும்.

4. பையன் ஏன் போகிறான்?

சினிமாவுக்கு ஏற்ற மாதிரி காரணத்தை மாற்றலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். தேயா பெக்மனின் 1973 டச்சு நாவல் 'க்ரூசேட் இன் ஜீன்ஸ்' இதற்கு நல்ல பாடம். நாவலில் பையன் விஞ்ஞானிகளின் இயந்திரத்தில் ஆர்வத்தால் தானாக முன்வந்து போகிறான். 2006இல் வந்த படத்தில், தன்னால் தோற்ற கால்பந்தாட்டத்தைச் சரிசெய்ய முந்தைய நாளுக்குப் போகப் பார்த்து, 1212ஆம் ஆண்டுச் சிறுவர் சிலுவைப் பயணத்தின், அதாவது ஜெருசலேமை நோக்கிப் பிள்ளைகள் கிளம்பியதாகச் சொல்லப்படும் பயணத்தின், நடுவே விழுகிறான். முதல் பத்து நிமிடத்தில் பையனுக்கு என்ன வேண்டும் என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது, லாபம்தான். ஆனால் தன் தவற்றை அழிக்கப் போனவன் கதை வேறு, வேடிக்கை பார்க்கப் போய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பொறுப்பு தலையில் விழுந்தவன் கதை வேறு. காரணத்தை மாற்றினால் முடிவையும் அதற்கேற்ப மாற்றித் தீர வேண்டும்.

டாமுக்குத் தனிமையைத் தவிர வேறு காரணம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. விளையாட ஆளில்லை, வெளியே போகத் தடை, ராத்திரி தூக்கம் வரவில்லை. அதை 12 பக்கத்துக்குள் காட்டி, 12ஆம் பக்கத்தில் கடிகாரத்தை 13 அடிக்க விடுங்கள்.

5. வயசுக் கணக்கு

நிறையப் பேர் செய்யும் முதல் மாற்றம், நிகழ்காலத்தை இன்றைக்குக் கொண்டுவருவது. கையில் மொபைலோடு டாம். இங்கே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1890களில் சிறுமியாக இருந்தவள் 1950களில் பாட்டி, சரி. இன்றைக்கு அவளுக்கு 130 தாண்டியிருக்கும். பாட்டி உயிரோடு இருந்தால்தான் கதை. ஆகவே நிகழ்காலத்தை எத்தனை ஆண்டு நகர்த்துகிறீர்களோ, கடந்தகாலத்தையும் அத்தனை ஆண்டு நகர்த்தியாக வேண்டும். பாட்டிக்கு 75 வயசு என்று வைத்தால் தோட்டம் 1950களின் கடைசிக்கு வந்துவிடும். விக்டோரியா காலம் போச்சு. தட்டம்மையும் இடிக்கும்: பிரிட்டனில் அதற்குத் தடுப்பூசி 1968இல் வந்துவிட்டது.

கதையையே தமிழ்நாட்டுக்கு மாற்றலாமே என்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் பனிச்சறுக்கு. ஹாட்டி தன் ஸ்கேட்டுகளைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைப்பதாக டாமுக்கு வாக்குக் கொடுக்கிறாள். அவன் படுக்கும் அறைதான் அவளுடைய அறை. நிகழ்காலத்தில் பலகையைத் தூக்கினால் ஸ்கேட்டுகள் அங்கே இருக்கின்றன. பிறகு இருவரும் ஒரே ஜோடியை ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டு, உறைந்த ஆற்றில் ஈலி நகரம் வரை போகிறார்கள். எங்கள் ஆறுகள் உறையாது. அந்த இடத்தில் வைக்கும் பொருள் மூன்று வேலை செய்ய வேண்டும்: வீட்டுக்குள் அறுபது வருஷம் ஒளிந்திருக்க வேண்டும், இருவரும் ஒரே சமயத்தில் பயன்படுத்த முடிய வேண்டும், தோட்டத்தைவிட்டு வெகுதூரம் கொண்டுபோக வேண்டும். சைக்கிள் என்று எல்லோரும் சொல்வார்கள். தரைக்கு அடியில் சைக்கிளை எப்படி ஒளிப்பது? இதற்குப் பதில் கிடைக்கும் வரை இடமாற்றத்தை ஒத்திப்போடுங்கள். கதைக்களத்தை மாற்றும் அனுமதியும் ஒப்பந்தத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். படைப்பைச் சிதைத்து ஆசிரியரின் பெயருக்குக் களங்கம் வந்தால், பிரிவு 57இன்படி வாரிசுகள் வழக்குப் போட முடியும்.

வரலாற்று ஆராய்ச்சிக்கு ஒரு விதி போதும். கதை நிற்கும் இடத்தில் நாவல் சொல்வதை வையுங்கள், பின்னணியில் வரலாறு சொல்வதை வையுங்கள். 1212 பயணத்தில் பெரியவர்களும் ஏராளமாக இருந்தார்கள் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கூட்டக் காட்சிக்கு அது உதவும், ஆனால் பிள்ளைகளின் கதையை அது மாற்றத் தேவையில்லை. நம் நாவலின் உறைபனிக்கு 1894–95 குளிர்காலம் நல்ல ஆதாரம். அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஆறுகள் உறைந்தன. படங்களும் செய்திகளும் கிடைக்கும்.

6. ஒன்லைன் (சீன்களின் வரிசைப் பட்டியல்)

100 நிமிடப் படத்துக்கு 100 பக்கம், 55 முதல் 65 சீன். நாவலில் டாம் தோட்டத்துக்குப் பல தடவை போகிறான். திரையில் எட்டுத் தடவைக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு முறையும் கடிகாரம், படி, கதவு என்று முழுசாகக் காட்டுவது முதல் இரண்டு முறை மட்டும். மூன்றாவது முறை மணி ஓசையோடு நேராகத் தோட்டத்துக்கு வெட்டுங்கள். ஆறாவது முறை மணிகூட வேண்டாம். கடைசி இரவில், தோட்டம் இல்லாமல் போகும்போது, மறுபடி முழுசாக, முதல் முறையைவிட மெதுவாக. குப்பைத்தொட்டியில் அவன் மோதும்போது பார்ப்பவருக்கும் அடிபட வேண்டும்.

இன்டர்வெல் பிளாக், அதாவது இடைவேளைக்கு முந்தைய திருப்பம், நாவலிலேயே தயாராக இருக்கிறது. டாமும் ஹாட்டியும் ‘நீதான் ஆவி, நான் இல்லை’ என்று சண்டை போடும் இடம். விளையாட்டாகத் தொடங்கி இருவருக்கும் பயம் வந்துவிடுகிறது. 48 முதல் 52ஆம் பக்கத்துக்குள் இதைக் கொண்டுவர முடிந்தால் முதல் பாதி தானாக அமையும்.

டாம் பீட்டருக்கு எழுதும் கடிதங்களை வாய்ஸ் ஓவர் ஆக்கிவிடத் தோன்றும். இரண்டு கடிதத்துக்கு மேல் வேண்டாம். பீட்டரைக் காட்டுங்கள்: காய்ச்சலோடு போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்கிறான், பொறாமைப்படுகிறான், பதில் எழுதாமல் முரண்டு பிடிக்கிறான். செலவை மிச்சம் பிடிக்கப் பீட்டரையே தூக்கிவிட்டால், டாம் பேச ஆளில்லாமல் தனக்குத் தானே முணுமுணுப்பான். ஈலி தேவாலயக் கோபுரத்தின் மேல் பீட்டர் திடீரென்று வந்து நிற்கும் காட்சியும் போய்விடும்.

7. பிள்ளைகளும் கால்ஷீட்டும்

ஹாட்டிக்கு மூன்று பேர் வேண்டும்: ஆறேழு வயசு, பத்துப் பன்னிரண்டு, பதினெட்டுக்கு மேல். அதோடு பாட்டி. நடு வயசுக்காரியை முதலில் முடிவுசெய்து, அவளுக்கு ஏற்றபடி மற்றவர்களைத் தேடுங்கள். அதிக நேரம் திரையில் இருப்பவள் அவள்தான். முகச்சாயல் முழுசாக ஒத்துப்போக வேண்டியதில்லை. காது, தாடை, நடை, இந்த மூன்றும் போதும். நால்வருக்கும் பொதுவாக ஒரு கைப்பழக்கம் கொடுங்கள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவது வேண்டாம், எல்லாப் படத்திலும் அதுதான்.

மத்திய அரசின் 2017 விதிகளின்படி, குழந்தை நடிகர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பாகப் போட வேண்டும்.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். மேக்கப், உடை, ஓய்வு கழித்தால் கேமராவுக்கு மூன்றரை மணி நேரம். நாளுக்கு இரண்டேகால் பக்கம் எடுக்கலாம். டாம் 75 பக்கத்தில் இருக்கிறான் என்றால் 33, 34 நாள். 27ஐத் தாண்டுகிறது; நடுவில் இடைவெளி விட்டு இரண்டு ஷெட்யூலாகப் பிரித்தாக வேண்டும். இடைவெளி ஆறு வாரத்துக்கு மேல் போனால் பையன் உயரம் கண்டின்யூட்டியில், அதாவது அடுத்தடுத்த ஷாட்டுகளின் தொடர்ச்சியில், தெரியும். 12, 13 வயசுப் பையனுக்குக் குரல் உடையும் ஆபத்து வேறு. நம்மூர் வழக்கப்படி ஆறு மாதம் கழித்து டப்பிங் என்று வைத்தால் வேறு பையன் பேசுவது போலிருக்கும். ஒவ்வொரு ஷெட்யூல் முடிந்த வாரத்திலேயே டப்பிங்கை முடித்துவிடுங்கள், அல்லது லைவ் சவுண்ட் எடுங்கள்.

ஒரு நிம்மதி: வீட்டில் நள்ளிரவு என்றாலும் தோட்டத்தில் பெரும்பாலும் பகல். இரவுக் காட்சிகள் உள்ளேதான், ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிப் பகலிலேயே எடுத்துவிடலாம். பிள்ளைகளை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டாம்.

8. ஒரே கூடம், இரண்டு காலம்

கூடத்தை ஒரே செட்டாகப் போட்டு இரண்டு முறை அலங்கரியுங்கள். முதலில் பழைய காலம்: கம்பளம், பாடம் செய்த விலங்குகள், மெழுகிய மரம். அதை எடுத்து முடித்த பின் பொருள்களை எடுத்துவிட்டு, சுவரை மங்கவைத்து, மரத்தில் கீறல் போட்டு, நிகழ்காலம். மாற்றிச் செய்தால் அழுக்காக்கிய சுவரை மறுபடி புதுசாக்க வேண்டும். இரண்டு நாளும் பெயிண்ட் கூலியும் வீண். பொருள்கள் கண்ணெதிரே மறையும் காட்சிக்கு, கேமரா உயரம், லென்ஸ், கடிகாரத்திலிருந்து தூரம் மூன்றையும் கண்டின்யூட்டி நோட்டில் எழுதி, ட்ரைபாட் கால்களின் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். ஒரு விரல்கடை நகர்ந்தாலும் வெட்டு துள்ளும்.

காலடி பதியாததைக் காட்ட கிராபிக்ஸ் தேவையில்லை. அதிகாலையில் பனி படிந்த புல்லில் சிறுமியை மட்டும் நடக்கவிட்டு, அவள் தடத்தை எடுங்கள். அடுத்த ஷாட்டில் இருவரும் இடுப்புக்கு மேல். மூன்றாவது ஷாட்டில் திரும்பிப் பார்த்தால் ஒரே தடம். புல்வெளியில் ஒரு முறை கால் பட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். யூனிட் ஆட்கள் குறுக்கே நடக்காதபடி கயிறு கட்டுங்கள்.

9. பாட்டியை மறைப்பது

பாட்டி யார் என்பது 60ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் படம் முடிந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க வரும் கிழவியாக மூன்று முறை மட்டும், ஒவ்வொன்றும் அரைப் பக்கத்துக்குள், மூன்றிலும் கை, முதுகு, மாடிப்படி மட்டும். பிரபலமான நடிகையைப் போட்டால் முகத்தைக் காட்டாமல் இருக்கத் தயாரிப்பாளர் விடமாட்டார், பார்ப்பவர்களும் ‘இவரை ஏன் இங்கே போட்டார்கள்’ என்று யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் தெரிந்த முகம் வேண்டாம், போஸ்டரிலும் வேண்டாம். கடைசியில் டாம் பாட்டியை ஒரு சிறுமியைக் கட்டிப்பிடிப்பது போலக் கட்டிப்பிடிக்கிறான். நாவலில் இதை அத்தை தன் கணவரிடம் சொல்கிறாள். திரையில் அந்த வசனம் வேண்டாம்.

10. வாசித்துப் பார்த்து, பதிவு செய்து

ஒன்பது முதல் பன்னிரண்டு வயசுக்குள் ஆறேழு பிள்ளைகளை உட்காரவைத்துத் திரைக்கதையை முழுக்க வாசித்துக் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். ‘கதவு எப்போது திறக்கும்?’, ‘ஸ்கேட் எப்படி வந்தது?’, ‘பாட்டி யாரென்று எங்கே தெரிந்தது?’ என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் பாதிப் பேராவது தப்பாகச் சொன்னால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். மூன்றாவதற்கு 80ஆம் பக்கத்துக்கு முன் உள்ள காட்சியை யாராவது சொன்னால், அந்தக் காட்சியில் பாட்டி வரும் வரிகளை வெட்டுங்கள். யார் எந்தப் பக்கத்தில் நெளிந்தார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தணிக்கைச் சான்றிதழில் இப்போது யு.ஏ. மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. இந்தக் கதைக்கு யு கிடைக்கும். யூத அழிப்பு, அடிமை வியாபாரம் போன்ற காலங்களுக்குப் போகும் நாவல் என்றால், எந்தப் பிரிவு வேண்டும் என்பதை எழுதும்போதே முடிவுசெய்யுங்கள். எடிட்டில் வெட்டி இறக்கினால் காட்சிகள் தொடர்பறுந்து நிற்கும்.

பவுண்ட் ஸ்கிரிப்டை, அதாவது முடிந்து கட்டிய முழுத் திரைக்கதையை, தயாரிப்பாளர்களுக்கு அனுப்பும் முன் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ பதிப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்யுங்கள். முதல் பக்கத்தில் நாவலின் பெயர், ஆசிரியர் பெயர், ஆப்ஷன் முடியும் தேதி மூன்றும் இருக்கட்டும். தேதி நெருங்கினால் நீட்டிப்புக்கான கடிதம் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே போயிருக்க வேண்டும்.